கழுவிய சொற்கள் – அத்தியாயம் 11

கேக்கை வெட்டச் சொல்லி ஷாமினியின் கையில்தான் கத்தியைக் கொடுத்தார்கள்.

பங்சாரில் இருந்த அந்த மென்பொருள் நிறுவனத்தின் நான்காம் மாடி. காலை பத்து மணி. முப்பது பேர் கைதட்டினார்கள். கேக்கின் மேல் நீல நிற கிரீமில், ‘சொற்கள் முக்கியம்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

இரண்டு வருடப் போராட்டம் அது. நிறுவனத்தின் மென்பொருள்களுக்குக் கையேடு எழுதுகிறவள் ஷாமினி. அந்தக் கையேடுகளில் ஒரு கணினிக்கு ‘மாஸ்டர்’ என்று பெயர், அது சொன்னதைச் செய்கிற கணினிக்கு ‘ஸ்லேவ்’, அதாவது அடிமை. விலக்கி வைக்கப்பட்டவர்களின் பட்டியல் ‘பிளாக்லிஸ்ட்’, அனுமதி பெற்றவர்களுடையது ‘வொயிட்லிஸ்ட்’. ஒரு நாள் கூட்டத்தில், “ஸ்லேவ் செத்துப்போச்சு” என்று யாரோ சொல்ல, பக்கத்திலிருந்தவன் அவளைப் பார்த்து, “உங்க ஆளுங்க ரப்பர் எஸ்டேட்டுக்கு அப்படித்தானே வந்தாங்க?” என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அன்று மாலையே மேலதிகாரிக்கு முதல் கடிதம் போட்டாள். பிறகு பதினாறு கடிதங்கள். இன்று எண்ணூறு பக்கங்களில் அந்தச் சொற்கள் இல்லை.

“ஷாமினி இல்லாட்டி இது நடந்திருக்காது,” என்றான் மேலாளர் ரிஷி, வாயில் கேக்கோடு. “இன்னும் ஒரே ஒரு கையேடு பாக்கி. மத்தியானத்துக்குள்ள முடிச்சிடுங்க. நாளைக்கு வெளியீடு.”

அவளும் சிரித்தாள். வீட்டில் சிரித்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

ஆறு மாதத்துக்கு முன் அவள் கணவன் சிவநேசன் வங்கி வேலையை உதறிவிட்டு, கிள்ளானில் அண்ணன் பரமேஸ்வரன் நடத்தும் ஆள் சப்ளை கம்பெனியில் சேர்ந்தான். அன்றிலிருந்தே அவன் முகம் சரியில்லை. மூன்று வாரத்துக்கு முன் அழகிரி காணாமல் போனதும் பேச்சும் குறைந்துவிட்டது. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து அந்தக் கம்பெனி மூலம் வேலை பெர்மிட்டில் வந்து, கிள்ளானில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன் அழகிரி. பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ஷாமினி வீட்டுச் சமையலறை அலமாரியை மாட்டிக் கொடுத்ததும் அவன்தான்.

“ஓடிட்டான்,” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான் சிவநேசன்.

அலமாரி மாட்ட வந்த அன்று அழகிரி ஷாமினியின் போனிலிருந்து ஊருக்குப் பேசியிருந்தான். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு அவன் மனைவி ரோகிணி வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பிக்கொண்டே இருந்தாள். ‘எங்க வீட்டுக்காரரப் பாத்தீங்களாக்கா?’ என்ன பதில் சொல்வது? நேற்று வந்ததை ஷாமினி இன்னும் திறக்கவே இல்லை.

இடத்துக்குத் திரும்பிக் கடைசிக் கையேட்டைத் திறந்தாள். வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் கண்காணிக்கும் மென்பொருள் அது. ஆள் சப்ளை கம்பெனிகள்தான் வாங்கும். பரமேஸ்வரன் கம்பெனியும் வாங்கியிருந்தது.

ரிஷி கொடுத்த பட்டியலில், அவள் கேட்காத மூன்று மாற்றங்கள் கடைசியில் இருந்தன. ‘ஓடிப்போனவர்’ என்ற தலைப்பு இனி ‘தொடர்பில் இல்லாதவர்’. ‘பிடித்து வைத்த பாஸ்போர்ட்’ இனி ‘ஆவணப் பராமரிப்பு’. ‘நாடு கடத்தல்’ இனி ‘வீடு திரும்பல்’.

இரண்டாவது சொல்லைப் பார்த்ததும் அவள் விரல் நின்றது. போன மாதம் இட்லி தின்றுகொண்டே சிவநேசன், “பாஸ்போர்ட் வச்சிருக்கிறதுக்குக் கௌரவமா ஒரு சொல்லு சொல்லேன்” என்று கேட்டான். விளையாட்டாக அவள் சொன்ன சொல்தான் அது.

புதிய தலைப்புகளோடு திரையைப் படம் பிடிக்க வேண்டும். பயிற்சிக்காக வைத்திருந்த மென்பொருள் பிரதிக்குள் நுழைந்து, ‘தொடர்பில் இல்லாதவர்’ பகுதியைத் தட்டினாள். பொய்ப் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் நிஜ மனிதர்கள் இருந்தார்கள். யாரோ ஒரு வாடிக்கையாளரின் தரவை அப்படியே நகல் எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது வரியில் அழகிரியின் புகைப்படம். பெர்மிட்டுக்காக எடுத்தது. கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு மிரண்டுபோய் நின்றான்.

ஓடிப்போன தேதி: ஜூலை 11. பதிவு செய்த நாள்: ஜூலை 16. கீழே இன்னொரு குறிப்பு. ஜூலை 14, தொழிற்சாலை விபத்து, வலது கை. ‘எங்கள் பொறுப்பில் இல்லை. ஆள் முன்பே ஓடிவிட்டார்.’

பதினொன்றா?

போனை எடுத்துப் படங்களைத் தள்ளினாள். ஜூலை 12, ஞாயிற்றுக்கிழமை, மதியம் 1:20. புது அலமாரிக்கு முன்னால் சிவநேசனும் அழகிரியும். அழகிரியின் கையில் சாம்பார் சாதத் தட்டு. அவன் தோளில் சிவநேசனின் கை.

பதிவு செய்தவர் பெயரைத் தேடிக் கண் கீழே இறங்கியது. சிவநேசன்.

முந்தைய தேதி போடுவது எப்படி என்று கையேட்டில் ஒரு பத்தி உண்டு. ‘தேவைப்பட்டால் முந்தைய தேதியைத் தேர்ந்தெடுக்கலாம்.’ எழுதியவள் ஷாமினி. போன வருடம், ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டுக்குப் போகிற அவசரத்தில் எழுதினாள். ஓடிப்போனவன் எப்போது ஓடினான் என்று சில நாள் கழித்துத்தானே தெரியும் என்று நினைத்து எழுதினாள்.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டாள். ரிஷியின் அறைக்குப் போனாள்.

அவனிடம் திரையைக் காட்டினாள். அவன் முதலில் கதவைச் சாத்தினான்.

“கஸ்டமர் டேட்டா இது. நீங்க பார்த்திருக்கவே கூடாது. பேரை மங்கலாக்கிட்டுப் படத்தைப் போடுங்க.”

“ரிஷி, இது பொய். அந்த ஆளு பன்னெண்டாம் தேதி என் வீட்டுல இருந்தாரு. இவங்க ரிப்போர்ட் போட்டா பெர்மிட் கேன்சல். எங்க பார்த்தாலும் இமிகிரேசன் பிடிச்சிடும்.”

“அது அவங்க பிரச்சனை லா. நம்ம வேலை சொல்லு மட்டும்தான்.”

“இந்த மூணு சொல்லையும் யாரு கேட்டது?”

“கஸ்டமர்தான். உங்க அத்தான் பரமேஸ்வரனே போன் பண்ணாரு. உங்க முயற்சியைப் பத்தி ரொம்பப் பெருமையா பேசினாரு.” ரிஷி அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “ரிலாக்ஸ் லா, ஷாமினி. இன்னிக்கு நல்ல நாளு. கெடுத்துக்காதீங்க.”

அவள் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். பிறகு கார்ச் சாவியை எடுத்தாள்.

---

ஃபெடரல் ஹைவேயில் கிள்ளான் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. கம்பெனி, பூக்கடைக்கு மேல் இரண்டாம் மாடியில் இருந்தது. படி ஏறும்போதே ஏர்கண்டிஷன் தண்ணீர் சொட்டி ஊறிய கம்பளத்தின் நாற்றம் வந்தது.

“அடடே, வாம்மா!” பரமேஸ்வரன் எழுந்தே நின்றார். சிவநேசனைவிட எட்டு வயது மூத்தவர், கோயில் கமிட்டித் தலைவர், யார் வீட்டு விசேஷத்துக்கும் முதலில் போய் நிற்கிறவர். “சிவா, யாரு வந்திருக்கான்னு பாரு! என்னம்மா குடிக்கிற? தே தாரிக் சொல்லவா?”

உள்ளறையிலிருந்து சிவநேசன் எட்டிப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அங்கேயே நின்றான்.

ஷாமினி அவர் மேசையில் ஒரு கையை ஊன்றினாள். அவள் கண் பரமேஸ்வரனுக்குப் பின்னால் இருந்த இரும்பு அலமாரியில் இருந்தது. பெரிய பூட்டு. பூட்டுக்கு மேல் புத்தம் புதிதாக அச்சடித்து ஒட்டிய சீட்டு. ஆவணப் பராமரிப்பு.

“நல்லாருக்கில்ல?” அவர் அவள் பார்வையைப் பின்தொடர்ந்து சிரித்தார். “வெளிநாட்டுக்காரன் ஆடிட் வரான்மா. பாஸ்போர்ட்டைப் பிடிச்சு வச்சிருக்கோம்னா முகத்தைச் சுளிக்கிறான். இப்படிப் போட்டா பேசாம கையெழுத்துப் போட்டுட்டுப் போறான். எல்லாம் உன் புண்ணியம்.”

“அத்தான், அழகிரி எப்ப ஓடினான்?”

“யாரு?”

அவள் போனை நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை நிதானமாகப் பார்த்தார்.

“நல்லாத்தான் சிரிக்கிறான்,” என்று திருப்பிக் கொடுத்தார்.

“பன்னெண்டாம் தேதி எங்க வீட்டுல சாப்பிட்டவன் பதினொண்ணாம் தேதி எப்படி ஓடியிருப்பான்?”

“போட்டோவுல தேதியை யாரு வேணாலும் மாத்தலாம்மா.”

“உங்க சிஸ்டத்துலதான் மாத்தலாம். எப்படி மாத்தணும்னு எழுதிக் கொடுத்ததே நான்தான்.”

பரமேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூடத் தேவலை போலிருந்தது அவளுக்கு.

“பதினாலாம் தேதி மெஷின்ல அவன் கை மாட்டினப்ப, அவன் நம்ம ஆளே இல்ல. பேப்பர்ல அப்படித்தான் இருக்கு. அவனும் நஷ்டஈடு கேட்டு லேபர் ஆபீஸ் போறேன்னு சும்மா மிரட்டிக்கிட்டு இருந்தான். இந்தத் தொழில்ல இதெல்லாம் சகஜம். ஆனா ஒண்ணு, நீ சொன்னதை நான் கேட்டேனா இல்லையா? சொல்லு மனுசனைக் காயப்படுத்தும்னு வீட்டுல பேசுவியே. இனிமே யாரையும் ஓடிப்போனவன்னு நான் சொல்லப் போறதில்ல. மரியாதையாத்தான் சொல்லுவேன்.”

மாஸ்டரும் ஸ்லேவும் ஒழிந்ததில் ஷாமினிக்கு இப்போதும் வருத்தமில்லை. ஆனால் தன் வாயிலிருந்து போன சொல் இந்த மனிதரின் வாயிலிருந்து, வெற்றிலைச் சாறு படிந்த பல்லுக்கு இடையிலிருந்து திரும்பி வந்தபோது, உடம்பெல்லாம் கூசியது. அவருடைய மேசையில் ஊன்றியிருந்த தன் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

படியில் சிவநேசன் பின்னாலேயே வந்தான்.

“ஷாமி, அண்ணன் சொன்னாரு. நான் கிளிக் பண்ணேன். அவ்வளவுதான்.”

“அவன் தோள்ல கை போட்டு நின்னீங்களே.”

“அப்ப எனக்குத் தெரியாது. ரெண்டு நாள் கழிச்சுத்தானே அடிபட்டுச்சு.”

“தெரிஞ்சதுக்கு அப்புறம்தானே கிளிக் பண்ணீங்க?”

கேட்டுவிட்டு அவள் இறங்கிவிட்டாள்.

காரில் உட்கார்ந்து ரோகிணியின் நேற்றைய குரலைத் திறந்தாள். பின்னணியில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

“அக்கா, அவரு போன் பண்ணாருக்கா. ஜெஞ்சாரோம்ங்கற ஊருல ஒரு தோட்டத்துல இருக்காராம். கை வீங்கிப் போச்சாம், காய்ச்சல் விடலயாம். நம்பரு அனுப்பறேன். உங்க வீட்டு சாருக்கிட்ட மட்டும் சொல்லிராதீங்கக்கா. அவர நெனச்சா எனக்கு பயமா இருக்கு. உங்கள நம்பித்தான் சொல்றேன்.”

நேற்றே கேட்டிருக்கலாம். ஒரு முழு நாள்.

---

ரோகிணி அனுப்பிய எண்ணை அழைத்தபோது, எடுத்த தோட்டக்காரர் வழி சொன்னார். ஜெஞ்சாரோமில் எண்ணெய்ப் பனைத் தோட்டத்தைத் தாண்டிய மண்பாதை, ஒரு காய்கறித் தோட்டத்தில் போய் முடிந்தது. கோழி எருவின் நாற்றம் மூக்கை அடைத்தது. தகரக் கொட்டகையின் ஓரத்தில் ஓர் உருவம் காரைப் பார்த்ததும் எழுந்து, பயற்றங்கொடிப் பந்தலுக்குள் புகுந்தது.

“அழகிரி! நான்தான், ஷாமினி. தனியாத்தான் வந்திருக்கேன்!”

பந்தலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“சார் அனுப்பினாங்களாக்கா?”

“இல்ல. ரோகிணி சொன்னாங்க.”

மெதுவாக வெளியே வந்தான். மூன்று வாரத்தில் பாதியாகியிருந்தான். வலது கையில் பழைய துண்டைச் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தான். அருகில் வந்ததும் கோழி எருவையும் மீறி இன்னொரு வாடை வந்தது. ஷாமினி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிடித்ததற்காக வெட்கப்பட்டாள்.

துண்டை அவிழ்த்தான். இரண்டு விரல்களில் தையல் பிரிக்கப்படாமலே சதைக்குள் புதைந்து கிடந்தது. ஆள்காட்டி விரல் நுனி கறுத்திருந்தது. மஞ்சள் பூசியிருந்தான்.

“டாக்டர்கிட்ட போகலயா?”

“எப்படிக்கா போறது? பாஸ்போர்ட் அவங்ககிட்ட. ரோட்டுல போலீஸ் நிக்குது.”

“ஏன் ஹாஸ்டலை விட்டு ஓடினே?”

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

“நான் எங்கக்கா ஓடினேன்? தையல் போட்டு ரெண்டாம் நாளு படுத்திருந்தேன். சார்தான் போன் போட்டாரு. உன் மேல ரிப்போர்ட் போட்டாச்சு, இமிகிரேசன் வருது, பின்வாசல் வழியா போயிருன்னாரு. நல்லதுக்குத்தான் சொல்றாருன்னு நெனச்சேன். தேங்க்ஸ் சார்னு சொல்லிட்டு வந்தேன்க்கா.”

கிளிக் பண்ணேன், அவ்வளவுதான் என்றானே சிவநேசன். அவ்வளவு மட்டும் இல்லை. ஓடாதவனை ஓடிப்போனவன் என்று எழுதி, எழுதியதை உண்மையாக்க அவனை ஓடவும் வைத்திருக்கிறான். இந்த மனிதனோடு மூன்று வாரமாக ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறாள். அவன் தட்டுக்குக் கறி எடுத்து வைத்திருக்கிறாள்.

“வா,” என்றாள். “கார்ல ஏறு.”

பக்கத்து ஊரான பந்திங்கின் கிளினிக்கில் இருந்த மலாய் டாக்டரம்மா கேள்வி எதுவும் கேட்காமல் காயத்தைச் சுத்தம் செய்தார். பிறகு ஷாமினியை வெளியே அழைத்தார். விரல் நுனி போகும், கையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், எலும்பு வரை சீழ் பிடித்திருக்கிறது. நான் கடிதம் தருகிறேன், ஆனால் அங்கே பாஸ்போர்ட் கேட்பார்கள், இல்லையென்றால் சிக்கல் என்றார்.

மணி நாலரை. ஷாமினி சிவநேசனை அழைத்தாள்.

“பந்திங் கிளினிக்ல இருக்கேன். அழகிரியோட பாஸ்போர்ட் வேணும். அவன் கை போகப்போகுது.”

மறுமுனையில் அவன் குரலைத் தாழ்த்தினான்.

“சாவி அண்ணன்கிட்ட இருக்கு, ஷாமி.”

“பின்வாசல் வழியா போகச் சொன்னதும் அண்ணனா?”

பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டாள்.

காய்ச்சல் கொஞ்சம் இறங்கட்டும், பிறகு கூட்டிப் போங்கள் என்று டாக்டரம்மா ஊசி போட்டிருந்தார். அழகிரி பெஞ்சில் சுவரோடு சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். ஷாமினி மடித்த காகிதத்தைப் பிரித்து, அந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ரிஷியிடமிருந்து மூன்று செய்திகள். கையேடு முடிந்ததா? நாளைக்கு வெளியீடு. எங்கே இருக்கிறீர்கள்? முந்தைய தேதி பற்றிய அந்தப் பத்தியை நீக்காமல் கையேடு வெளியே போகாது, காரணத்தையும் எழுதித் தருகிறேன் என்று பதில் போட்டாள். வேலை போகலாம். போகட்டும்.

ஆறு மணிக்குச் சிவநேசனின் கார் வந்து நின்றது. அவன் மட்டும்தான் இருந்தான். சட்டைக் கை கிழிந்திருந்தது, விரல் முட்டியில் ரத்தம் உறைந்திருந்தது. பின்சீட்டிலிருந்து, சந்தைக்குக் கொண்டுபோகிற ஒரு பாசார் பையை எடுத்துக்கொண்டு இறங்கினான். ஜன்னல் வழியாக அவனைப் பார்த்ததும் அழகிரி எழுந்து கிளினிக்கின் உட்கதவுக்குப் பின்னால் போய் நின்றான்.

ஷாமினி வெளியே வந்தாள்.

“அண்ணன் கோயிலுக்குப் போயிருந்தாரு. பூட்டை உடைச்சேன்.” மூச்சு வாங்கியது அவனுக்கு. “ஒண்ணை மட்டும் தேட நேரமில்ல. அலமாரியில அந்தத் தட்டையே அள்ளிட்டு வந்துட்டேன்.”

பைக்குள் ரப்பர் பேண்ட் போட்ட பாஸ்போர்ட்டுகள். இந்தியா, வங்காளதேசம், நேபாளம். அவள் எண்ணினாள். பத்தொன்பது. எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரி மஞ்சள் சீட்டு. தொடர்பில் இல்லாதவர்.

பூட்டை உடைத்துக்கொண்டு வந்ததற்கு அவள் ஏதாவது சொல்வாள் என்று அவன் எதிர்பார்த்து நின்றான். அவளுக்கு அப்படி எதுவும் வரவில்லை. அவன் கையிலிருந்த ரத்தத்தைப் பார்த்தபோதுகூட வரவில்லை.

“இத்தனை பேரும் பாஸ்போர்ட் இல்லாமலா ஓடிட்டாங்க?” என்று கேட்டாள்.

“சில பேர் போவாங்க.”

“இந்தப் பத்தொன்பது பேரையும் யாரு பதிவு பண்ணது?”

“நான்தான்.”

“இதுல நெசமாவே ஓடினவங்க எத்தனை பேரு?”

சாலையில் பனைக்குலை ஏற்றிய ஒரு லோரி போனது. 

“ரெண்டு பேரு,” என்றான்.

ஷாமினி பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். “நீ உள்ள வராதே,” என்றாள். பத்து வருடத்தில் அவனை அவள் ‘நீ’ என்று சொன்னதில்லை.

சிவநேசனின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை. நின்று, மறுபடி அடித்தது. அவன் கிளினிக் கதவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

மூன்றாம் முறை அடித்தபோது எடுத்துக் காதில் வைத்தான்.

“சொல்லுங்கண்ணே.”